முதல் பாதி எதிராளிக்கு

நியாயம் கேட்டு யாரிடமாவது போய், முழுசாக ஜெயித்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு இதுவரை கிடையாது. அதற்கு ஒரே காரணம் அந்த அக்காதான்.

தூத்துக்குடியில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு சர்பத் கடைக்கும் நடுவில் அவருக்கு ஓர் அறை இருந்தது. சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். இவர் பத்திரம் எழுதுகிறவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் கையால் எழுதி, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் தட்டச்சுக்குக் கொடுப்பார். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "உன் பேரைப் போட்டு எழுதிக்கிட வேண்டியதுதான, என் பேரு என்னத்துக்கு?" என்பார். அந்தக் குரல் இப்போதும் காதில் கேட்கிறது.

யார் என்ன வழக்கோடு போனாலும் கடைசிவரை பொறுமையாகக் கேட்பார். தலையை ஆட்டுவார். நமக்கு வெற்றி நிச்சயம் என்று தோன்றும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றுவார்.

"சரி. இப்பம் அந்த ஆளு என்ன சொல்லுதான்?"

"அவன் என்னத்தச் சொல்லுவான் அக்கா, திருட்டுப் பய!"

"அத அவன் சொல்லமாட்டாம்லா. அவன் என்ன சொல்லுவான்?"

அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரத்துக்கு நம் எதிராளியின் வக்கீலாக நாமே வாதாட வேண்டும். நாம் திணறினால் அவர் எடுத்துக் கொடுப்பார். வெளியே வரும்போது திருட்டுப் பயல் பாதி நல்லவனாகியிருப்பான். நமக்குத்தான் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும், நம்மேல்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைக்க இடம் வாங்கியபோது பத்திரம் எழுதியது அக்காதான். விற்றவர் ஒரு விதவை அம்மாள். எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிய பிறகு அக்கா அந்த அம்மாளிடம் கேட்டார்: "பின்னால கிணறு உங்களுக்குன்னு போட்டிருக்கு. இடத்த இவருக்குக் குடுத்த பெறவு கிணத்துக்கு எந்த வழியாப் போவிய?"

அந்த அம்மாள் யோசித்திருக்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேன் என்று மாதா கோயிலில் வந்து சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். பத்திரம் மறுபடி எழுதப்பட்டது. என் இடத்தின் ஓரமாக அந்த அம்மாள் நடந்துபோக வழி விடப்பட்டது.

"அக்கா, பத்திரம் எழுதக் கூட்டிட்டு வந்தது நானாக்கும்" என்றேன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு.

"ஆமா தம்பி. அதனாலதான் நல்லா எழுதுதேன். நாளைக்கு அவுக பேரன் வந்து உன் கடை முன்னால சண்டை போடக்கூடாதுல்லா."

பேரன் வந்தான். சண்டைக்கு இல்லை. ஸ்பார்க் பிளக் வாங்க.

வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனாலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தச் சொல்கிறாள் என்று என் மனைவியைப் பற்றி ஒருமுறை அக்காவிடம் முறையிட்டேன். முறையிட்டு முடித்ததும் அக்கா என் மனைவியாக மாறிப் பேசினார். என் மனைவியே அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அன்றிலிருந்து கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டிலிருந்து அக்காவுக்கு ஒரு டப்பா மக்ரூன் போகும். அனுப்புவது நான் இல்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ஒரு புதுச் சட்டத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதித் தரச் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

சமாச்சாரம் இதுதான். எங்கள் கடற்கரையில் அப்போது மூன்று சங்கங்கள் இருந்தன. பெரிய விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கரையை ஒட்டித் தொழில் செய்யும் நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒன்று. கடலுக்கு அடியில் போய்ச் சங்கு எடுக்கிற குளியாட்களுக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிக் கொடி, தனித்தனி ரப்பர் ஸ்டாம்பு. விசைப்படகு வலையை அறுத்துவிட்டது என்று நாட்டுப்படகு சொல்லும். நாட்டுப்படகின் நங்கூரம் குளியாளின் கயிற்றில் மாட்டிவிட்டது என்று குளியாள் சொல்வான். இவர்கள் எல்லாரும் எங்கள் வழியில் நிற்கிறார்கள் என்று விசைப்படகு சொல்லும். ஒரு நாள் மூன்று சங்கமும் ஒரே அதிகாரியிடம் ஒரே காலையில் மனுக் கொடுக்கப் போயின. ஒவ்வொரு மனுவும் மற்ற இரண்டு சங்கத்தின் மேல். அதிகாரி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, "எல்லாரும் ஒண்ணா வாங்க, கேக்கேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த யோசனைதான் பேரவை. மூன்று சங்கமும் சேர்ந்த ஒரே அமைப்பு. அதற்கு ஓர் அமைப்புச் சட்டம். மூன்று சங்கமும் தனித்தனியாகக் கை தூக்கி ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். ஒன்று மறுத்தாலும் பழைய கதை. அடுத்த சீசனில் கடலில் வலை மட்டும் அறுபடாது, யாருக்காவது உயிர்ச்சேதம் ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒருங்கிணைப்பாளராக என்னைப் போட்டார்கள். நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. படகு மோட்டார் சாமான் விற்கிறவன். மூன்று தரப்பும் என் கடைக்கு வரும். மூன்று தரப்பும் என்னை ஒரே அளவில்தான் சந்தேகப்படும். இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? ஆனால் ஒரு சங்கம் கோபித்துக்கொண்டாலும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்பேர் கடை விளக்குப் போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது. எனவே நடுநிலைமை எனக்குக் கொள்கை இல்லை, வயிற்றுப்பாடு.

சட்டத்தை எழுதியது அக்கா. அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தோம். மறுநாள் ஏலக்கூடத்து வாசலில் அவித்த கடலை வாங்கினேன். இரண்டாம் அத்தியாயத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

அக்காவிடம் போய் அழாத குறையாகச் சொல்லி, சட்டத்தை ஆதரித்து ஏதாவது எழுதித் தரச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சட்டத்த யாரும் படிக்கமாட்டாவ தம்பி. சண்டைன்னா படிப்பாவ. நான் சண்டையா எழுதித் தாரேன். நீ வாட்சப்புல போடு."

முதல் கட்டுரை வந்தது. நாட்டுப்படகுக்காரர்களுக்காக எழுதியது. இப்படித் தொடங்கியது:

"கடலில் பெரிய படகு திரும்பும்போது சின்னப் படகுதான் ஒதுங்குகிறது. அதே பெரிய படகு பேரவைக்குள் வந்ததும் மரியாதையாக ஒதுங்கி நிற்கும் என்று எதை வைத்து நம்புவது? தனியாக இருக்கும்போது நமக்கு ஒரு கொடியாவது இருக்கிறது. சேர்ந்த பிறகு அதுவும் அவர்கள் படகில்தான் பறக்கும்."

படிக்கும்போதே எனக்கு வேர்த்தது. இதே வேகத்தில் இன்னும் மூன்று பத்தி போனது. அதற்குப் பிறகுதான் பதில்:

"இந்தப் பயம் சரியான பயம். ஆனால் பெரிய படகு இன்றைக்கும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. போய்க் கேட்க ஓர் இடம் இல்லை என்பதுதான் இன்றைய நிலைமை. பேரவை பெரிய படகைச் சின்னதாக்காது. திரும்புவதற்கு முன் சொல்ல வேண்டும் என்ற கடமையை அதன் தலையில் வைக்கும்."

அடியில் அவர் பெயர் கிடையாது. பத்திரத்தில் போடுவதைப் போல 'தயாரித்தவர்' என்று மட்டும் இருந்தது. நல்ல கட்டுரை. மூன்று சங்கத்துக் குழுக்களிலும் போட்டேன். போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த ஆண்டில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி போட்டால் கொஞ்சம்தான் தெரியும். மீதியைப் பார்க்க 'மேலும் படிக்க' என்று நீல எழுத்து நிற்கும். படகில் நிற்கிறவன் ஈரக்கையால் அமுக்கினால் அது அமுங்காது. அமுக்கவும் அவனுக்குப் பொறுமை கிடையாது. முதல் பாதியே அவ்வளவு அருமையாக இருக்கும்போது எதற்கு அமுக்க வேண்டும்? கரை முழுவதும் அந்த முதல் பாதியைப் படித்துவிட்டு, "பாத்தியா, சட்டம் எழுதுன அந்தம்மாவே வேண்டாங்குது" என்று பேச ஆரம்பித்துவிட்டது.

சந்தோஷத்தின் உச்சியில் இருந்தவர் சூசை. குளியாட்கள் சங்கத் தலைவர். பேரவையே வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்து நின்றவர். அக்கா எழுதிய முதல் பாதியைத் தன் குரலில் படித்து, ஆடியோவாகவே அனுப்பிவிட்டார். என்ன குரல்! இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகத்தில் வருஷா வருஷம் பிலாத்து வேஷம் கட்டுகிறவர். கேட்டால் எனக்கே பேரவை வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணாச்சி, நல்லா இருப்பிய. நாங்க சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அக்கா பிச்சு ஒதறிட்டாவ. அடுத்தது எப்பம் வருது?"

"சூசையண்ணே, அதுக்கு அடியில இன்னும் இருக்கு."

"இது போதும் அண்ணாச்சி!"

அவர் கேட்டது காற்றுக்குழாய்க்குக் கிளிப். நான் எடுத்துக் கொடுத்தது டீசல் பில்டர். அதையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்.

வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன செய்யுதிய?"

"பிரஷர் ஏறிட்டான்னு பாக்கேன்."

"மொதல்ல அத ஆன் பண்ணுங்க."

அக்காவிடம் ஓடினேன். "ஒரே ஒரு உதவி அக்கா. நம்ம பதிலை மேல வைங்க. அவுக சொல்லுதத கீழ கொண்டு போங்க. வேற ஒண்ணும் மாத்த வேண்டாம்."

"அது எப்படித் தம்பி? கேள்விக்கு முன்னால பதில் வருமா?"

"அப்பம் கேள்விய கொஞ்சம் சுமாரா எழுதுங்க. இவ்வளவு நல்லா எழுதாதிய. எதிராளிக்கு இவ்வளவு அழகு எதுக்கு?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எழுதுனத படிச்சிட்டு சூசை என்ன சொல்லுதான்?"

"நாங்க சொல்ல நெனச்சது இதுதாங்காரு."

"அங்கனதான் வேலையே ஆரம்பிக்குது. அவன் வாயால 'ஆமா, இதுதான்'னு சொல்லாம நான் பதில் சொன்னா, அது எனக்கு நானே சொல்லிக்கிடுத பதிலு. நான் சுமாரா எழுதி ஜெயிச்சா, கை தூக்கிட்டு வீட்டுக்குப் போயி 'அந்தப் பாயிண்ட மறந்துட்டோமே'ம்பான். ஒரு மாசத்துல சட்டம் மறுபடியும் கடலை மடிக்கப் போயிரும்."

வெளியே வந்து பக்கத்துக் கடையில் ஒரு சர்பத் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன்.

கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. அக்கா தன் முறையை மாற்றவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். நாட்டுப்படகுக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து வாதம் பண்ணும்போது, சூசையின் ஆடியோவுக்கு மறுப்பாகக் கீழ்ப்பாதியைத் தேடி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். நீல எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கத் தொடங்கியது. சூசை மட்டும் அசையவில்லை. கடைசியில் அக்காவைத் தேடி நேராகவே போனார். "நீங்க எல்லாம் எழுதிட்டிய, எங்க கயிற விட்டுட்டிய" என்றாராம். அக்கா ஒரு காலை நேரம் முழுவதும் வந்த பத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் கடைசிக் கட்டுரை வந்தது.

"கடலுக்குக் கீழே போகிறவன், மேலே தன் கயிற்றை யார் பிடிப்பது என்று தானே தேர்ந்தெடுக்கிறான். படகு முதலாளி சொல்வதில்லை, சங்கம் சொல்வதில்லை. பெரும்பாலும் மச்சானைத்தான் நிறுத்துகிறான். தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதை மச்சான் மறக்கமாட்டான். இந்தச் சட்டமோ, கடலடிப் பாறைத் திட்டுகளான, சங்கு கிடக்கும் பார்களின் மேல் எந்த நாளில் யார் போகலாம் என்பதைப் படகுகளின் எண்ணிக்கை பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. குளியாட்களிடம் படகு குறைவு. ஆக, கீழே இருப்பவனின் கயிறு, அவன் தேர்ந்தெடுக்காத கைக்குப் போகிறது."

நீல எழுத்தை அமுக்கினேன். எங்கே பதில், எங்கே பதில் என்று. இருந்தது ஒரே ஒரு பத்தி.

"இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிரிவை எழுதியவள் நான். தவறாக எழுதிவிட்டேன். பார்களைப் பற்றிய முடிவுக்குக் குளியாட்களின் சம்மதம் வேண்டும் என்று சேர்க்காமல், இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சேர்த்தால், மற்றதெல்லாம் ஏற்கத் தகுந்தது என்று இன்னும் சொல்கிறேன்."

அடுத்த நிமிடம் போன் அடித்தது. விசைப்படகுச் சங்கத் தலைவர் மச்சாது.

"என்ன அண்ணாச்சி, அந்தம்மா யாருக்கு எழுதுது? நாளைக்கு ஓட்டு, இன்னைக்கு இப்படிச் சொன்னா என்ன அர்த்தம்?"

"நெட்வொர்க் சரியில்ல, கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் என் கடை வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வலை பின்னும் கூடத்தில் மூன்று சங்கமும் மூன்று பக்கமாக உட்கார்ந்தன. நான் மேஜையில். எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு ஓட்டு கிடையாது, ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா கேட்ட திருத்தத்தை நான் வாசித்து முடிக்கவில்லை, மச்சாது எழுந்துவிட்டார். "இவுக வேண்டாம்னு சொல்லுவாவ, நாங்க படகைக் கரையில கட்டிப் போட்டுட்டு ஜெபமாலை சொல்லணுமா?" விசைப்படகுப் பக்கம் மொத்தமும் எழுந்தது. குளியாட்கள் பக்கமும் எழுந்தது. நான் மேஜைமேல் இருந்த மணியை அடித்தேன். அது கழன்று கையோடு வந்துவிட்டது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். எழுந்து மச்சாதுவின் பக்கத்தை அழகாகப் பேசுவார், அதற்குப் பதிலும் சொல்வார், பிழைத்தோம் என்று நான் நினைத்தேன். அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்:

"மச்சாது தம்பி சொல்லுதத நான் சொன்னா இன்னைக்கு நல்லா இருக்காது. சூசை, நீ சொல்லு. அவுக எதுக்குப் பயப்படுதாவ?"

சூசைக்கு முகம் மாறியது. பிலாத்து வேஷக்காரருக்கு முதல்முறையாக வசனம் வரவில்லை.

"அவுக... அவுகளுக்கு என்ன அக்கா பயம்?"

"அத நீதான் சொல்லணும்."

சூசை தலையைச் சொறிந்தார். பிறகு மச்சாதுவைப் பார்க்காமல், தரையில் கிடந்த ஒரு வலைத் துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டீசல் போட்டு, ஐஸ் ஏத்தி, ஆளுகளெல்லாம் வீட்ல சொல்லிட்டு வந்து நிக்கையில, நாங்க ஒரு கோவத்துல வேண்டாம்னு கையத் தூக்கிட்டா... ஐஸ் உருகும். ஆளு சும்மா திரும்பணும். நாங்க எந்தன்னைக்கு வேண்டாம்பமோ அவுகளுக்குத் தெரியாது. அதான்." வலைத் துண்டைக் காலால் ஒதுக்கினார். "அது கஷ்டந்தான்."

மச்சாது "அதேதான்" என்றார்.

சூசை நிமிர்ந்தார். "அப்பம் சீசன் தொடங்குததுக்கு முன்னாலயே சொல்லிருதோம். எந்தப் பாரு, எந்த மாசம்னு. நடுவுல மாத்த மாட்டோம்."

"இத மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"மொதல்ல யாரு மச்சாதண்ணே கேட்டா?"

அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினோம். விசைப்படகுக்காரர்கள் கை தூக்கினார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் பெரும்பாலும் தூக்கினார்கள். கடைசியாகக் குளியாட்கள் பக்கம். சூசை தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கைதான் செல்லும் என்று நான் சொன்னபோது கூடமே சிரித்தது. சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் இருக்கிறது. சண்டையும் இருக்கிறது, பேரவைக்குள், மேஜையைத் தட்டி.

அக்கா இப்போது நாசரேத்தில் தம்பி வீட்டோடு இருக்கிறார். போன் பண்ணினால், நான் திட்டுகிற ஆள் என்ன சொல்லுகிறான் என்று முதலில் கேட்கிறார்.

அன்று ஓட்டு முடிந்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. "அக்கா, ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டே அவர் இருந்த ஓரத்துக்கு ஓடினேன். அங்கே அவர் இல்லை. நாட்டுப்படகுச் சங்கத்தின் கடைசி வரிசையில், கை தூக்காத சில பேர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்கள் நடுவில் நின்றார்.

"நீங்க கையத் தூக்கலியே. எதுக்குன்னு எனக்கு வெளங்கல. எனக்குப் புரியுத மாதிரி மெதுவாச் சொல்லுங்க."

"முடிஞ்சு போச்சுல்லா அக்கா. இனி என்னத்தச் சொல்ல?"

"சட்டம் உங்களுக்கும் சேத்துத்தான. சொல்லுங்க."

அப்படிச் சொன்னவர் அப்போதுதான் துண்டை உதறித் தோளில் போட்டிருந்தார். அந்தத் துண்டை எடுத்துத் தரையில் விரித்து உட்கார்ந்தார். வாசல்வரை போயிருந்த இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.